பனியன் துணிக் கூடாரம்

அந்த யோசனை எனக்கு வந்தது திருப்பூர் வீரபாண்டியில், பனியன் துணி ஓட்டும் எங்கள் புது நிட்டிங் ஷெட்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில். அப்பா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். தலை சுவரில் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. அவரைச் சுற்றி வட்ட மிசின்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவர் அப்படித் தூங்கி நான் பார்த்து மாதக்கணக்கில் ஆகியிருந்தது. டிபன் கேரியரைச் சத்தம் வராமல் கீழே வைத்தேன்.

அந்த நேரம் பார்த்து ஒரு மிசினில் நூல் அறுந்தது. சிவப்பு விளக்கு எரிந்து, அது ஒன்று மட்டும் நின்றது. மற்றதெல்லாம் ஓடிக்கொண்டுதான் இருந்தன. ஆனாலும் அப்பா கண்ணைத் திறந்துவிட்டார்.

"எது நின்னுச்சு?" என்றார். எழுந்ததும் முதல் பேச்சு அதுதான்.

போன தை மாதம் வரைக்கும் எங்களுக்குக் கீழே நிட்டிங், மேலே வீடு. நான் பிறந்ததும் படித்ததும் பரீட்சைக்கு அழுததும் எல்லாம் அந்த மிசின் சத்தத்தின் மேல்தான். மேசையில் டம்ளரில் தண்ணீர் வைத்தால் அதில் எப்போதும் சின்னச் சின்ன வட்டங்கள் ஓடிக்கொண்டிருக்கும். தண்ணீர் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று சின்ன வயதில் நினைத்திருந்தேன். இடம் போதாமல் மிசின்களை வீரபாண்டிக்கு மாற்றிய அன்றைக்கு டம்ளர் தண்ணீர் கண்ணாடி மாதிரி நின்றது. அம்மா, "அப்பாடா, சொர்க்கம்" என்றாள். அப்பா அன்றிலிருந்து தூங்கவில்லை.

டாக்டர் மாத்திரை கொடுத்தார். "அதப் போட்டுட்டுப் படுத்தா ஷெட்டுல இருந்து போன் அடிக்கறது கேக்காது" என்று அப்பா அதைத் தொடவே இல்லை. பிறகு ஒரு விடியற்காலையில், ஷெட்டுக்குப் போகிற வழியில், வண்டியில் போய்க்கொண்டிருக்கும்போதே கண் அசந்து சாலை நடுவில் இருக்கும் திட்டில் ஏறிவிட்டார். முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். பின்னால் லாரி வராதது எங்கள் நல்ல நேரம். அம்மா வண்டிச் சாவியை அரிசி டிரம்முக்குள் போட்டுவிட்டாள். இப்போது வீட்டில் எல்லோருக்கும் ஒரே கவலை, இந்த மனிதரை எப்படித் தூங்க வைப்பது.

நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றபோது எனக்குத் தோன்றியது இதுதான்: நூல் அறுந்து நிற்காத ஒரு சத்தம் வேண்டும். ஓடை! மலையில், காட்டோரத்தில், ஓடைப் பக்கம் கூடாரம் போட்டுப் படுக்கிறவர்களின் வீடியோக்களை நான் ராப்பகலாகப் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. தீபாவளி லீவில் திருப்பூரே நின்றுவிடும். ஒடிசாக்காரர், பீகார்க்காரர், மதுரைக்காரர் எல்லாம் ஊருக்குப் போய்விடுவார்கள். ஷெட்டிலும் சத்தம் இருக்காது. அந்த ஒரு வாரத்தை அப்பா எப்படிக் கழிப்பார்?

"டெண்ட் ஒண்ணு வாங்கிக்கலாமுங்ப்பா" என்றேன்.

"வாங்கறதா? திருப்பூர்ல குடியிருந்துட்டு, துணிய வெளிய வெலைக்கு வாங்கறதா? நாலு பேரு சிரிக்க மாட்டாங்களா கண்ணு?"

அப்பா ஷெட்டுக்குள் போய், ஷேடு மாறிப்போனதென்று திரும்பி வந்த ஒரு ரோலை உருட்டிக்கொண்டு வந்தார். மயில்கழுத்து நிறம். கெட்டியான காட்டன். நான் ஆர்டர்களைப் பார்த்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசராக இருக்கும் கம்பெனியில் சாம்பிள் டெய்லரிடம் கெஞ்சிக் கேட்டு, சாயங்காலங்களில் தைத்தோம். பிளம்பிங் பைப்பை வெட்டிக் கால்கள். அதே துணியை நீளமாகக் கிழித்துக் கயிறு. மொட்டைமாடியில் நிறுத்திப் பார்த்தோம். ஐப்பசி வெயிலில் கோபுரம் மாதிரி நின்றது. நானே அப்ரூவலும் கொடுத்தேன். கால் நூற்றாண்டாகத் துணி ஓட்டுகிறவர் ஒருவர், டெக்ஸ்டைல் படித்த பெண் ஒருத்தி. எங்கள் இருவருக்கும் ஒரு சந்தேகமும் வரவில்லை.

நூல் கோன் ஏற்றுகிற பழைய வெள்ளை வேனில் பின் சீட்டைக் கழற்றிவிட்டு, அடுப்பு, போர்வை, முறுக்கு டின், அதிரசம், அரிசி, பருப்பு என்று அம்மா ஒரு குடும்பத்தையே ஏற்றினாள். மறையூர் மலைக்கு ஓட்டினது நான். அப்பா முன் சீட்டில். வண்டி ஆட்டத்தில் தூங்கிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ உடுமலை தாண்டும்வரை இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டே வந்தார்.

"சித்த நேரம் கண்ண மூடுங்கப்பா."

"நீ ரோட்டப் பாரு சாமி. நான் மூடுனா யாரு பாக்கறது?"

கேரள எல்லையில் வனத்துறைச் செக்போஸ்ட். காவலர் வேனுக்குள் எட்டிப் பார்த்து, நீல மூட்டை என்னவென்று கேட்டார். அப்பா இறங்கி, பெருமையாகப் பிரித்துக் காட்டினார். காவலர் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, தன் சட்டைக்குள்ளிருந்து பனியன் ஓரத்தை இழுத்து, இரண்டையும் மாறி மாறித் தொட்டார். மலையாளத்தில் சொன்னார், "இது உள்ளே போடுகிற துணியாயிற்றே. இதிலா படுக்கப் போகிறீர்கள்?"

"ஆமாங்க. நம்ம ஊர்துதானுங்க" என்றார் அப்பா. காவலர் ஏதோ சொல்ல வந்து, பின்னால் ஹாரன் அடித்ததால் கையைக் காட்டி அனுப்பிவிட்டார்.

சின்னாறு தாண்டி ஏறும்போது காடு மெல்லத் தன் நிறத்தை மாற்றிக்கொண்டே வந்தது. முள்மரமாக இருந்தது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே பச்சையாகிவிட்டது. மேகம் ரோட்டுக்கு இறங்கி வந்து வண்டிக்கு முன்னால் கொஞ்ச தூரம் நடந்தது. ஒரு மான் நின்று எங்களைப் பார்த்தது. அதன் முகத்தில் இருந்த பொறுமையைத் திருப்பூர் சிக்னலில் யாரிடமும் பார்த்ததில்லை. நான் வாயைப் பிளந்துகொண்டு ஓட்டியதில் எஞ்சின் சூடு காட்டும் முள் ஏறியதைக் கவனிக்கவில்லை. மறையூருக்குக் கொஞ்சம் கீழே வேன் புகைந்து நின்றது.

பின்னால் வந்த ஜீப்காரர் இறங்கினார். யாரும் ஒன்றும் கேட்காமலே கேனில் தண்ணீர் கொண்டுவந்தார். எஞ்சின் ஆறட்டும் என்று ஓரமாக உட்கார்ந்தார். அம்மா முறுக்கு டின்னைத் திறந்தாள். அவர் ஒன்றைக் கடித்துவிட்டுத் தன் மொழியில் கேட்டார், "இவ்வளவு பாரத்தோடு எங்கே, கல்யாணத்துக்கா?"

"இவரத் தூங்க வெக்கறதுக்குங்க" என்றாள் அம்மா, அப்பாவைக் காட்டி.

அவர் அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்பாவை மேலும் கீழும் பார்த்து, "மேலே போகப் போகத் தூக்கம் வரும்" என்றார். அந்த நல்லெண்ணத்துக்காகவே அவருக்கு இன்னும் இரண்டு முறுக்கு கிடைத்தது.

மறையூரில் கரும்புப்பால் காய்ச்சுகிற கொட்டகையில் கை சுடச்சுட வெல்லம் வாங்கித் தின்றோம். காட்டுக்குள் யாரும் கூடாரம் போட விடமாட்டார்கள். காட்டை ஒட்டிய தோட்டங்களில்தான் இடம் கேட்க வேண்டும். அன்றைக்கு ஒரு கொய்யாத் தோட்டத்தில் எங்கள் மயில்கழுத்துக் கூடாரம் நன்றாகவே நின்றது. உள்ளே மாலை வெளிச்சம் வடிகட்டி வந்து, அம்மாவின் முகம், பருப்புச் சட்டி, என் கை எல்லாம் நீலமாக இருந்தன. கிணற்றுக்கு அடியில் உட்கார்ந்திருப்பது போல ஒரு குளிர்ச்சி. நான் படுத்ததுதான் தெரியும்.

காலையில் அப்பா வெளியே கல்லின் மேல் உட்கார்ந்திருந்தார். கண் சிவந்திருந்தது.

"எப்படி இருந்துச்சுங்ப்பா?"

"நெம்ப நல்லா இருந்துச்சு கண்ணு. அமைதின்னா அமைதி. என்ற காதுக்குள்ள ரத்தம் ஓடறது எனக்கே கேட்டுது."

இரண்டாம் நாள் வரையாடு பார்க்கப் போனோம். தேசியப் பூங்காவுக்குள் வனத்துறை பஸ்ஸில்தான் போக வேண்டும். தேயிலை முடிந்து புல்வெளி தொடங்கும் இடத்தில், மூடுபனிக்குள்ளிருந்து ஒவ்வொரு பாறையாக வந்து எங்களைப் பார்த்துவிட்டுப் போயிற்று. ஒரு பாறை தலையைத் திருப்பியது. அதுதான் வரையாடு. புல்லைத் தின்றுகொண்டு, செல்பி எடுக்கிறவர்களைச் சட்டை செய்யாமல், விளிம்பில் நின்றது. கீழே ஒன்றுமே இல்லை, வெள்ளைதான். இந்த உலகத்தின் மீதியை மிசினில் இன்னும் ஓட்டி முடிக்கவில்லை போல.

திரும்பும் பஸ்ஸுக்கு வரிசையில் நிற்கும்போது அப்பா காணாமல் போனார். பார்த்தால், முன்னால் நின்ற வடநாட்டு இளைஞரின் டீசர்ட் ஓரத்தை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து உருட்டிக்கொண்டிருக்கிறார். திருப்பூரில் இது ஒரு தப்பே இல்லை. கல்யாண மண்டபத்தில்கூட நடக்கும். அந்த இளைஞர் திடுக்கிட்டுத் திரும்பினார். அவர் மனைவி இந்தியில் சொன்னது எனக்குப் புரிந்தது: "பர்ஸைப் பாருங்கள்."

அப்பாவுக்கும் புரிந்தது. ஷெட்டில் பேசிப் பழகிய இந்தி. "பர்ஸ் வேண்டாம் தம்பி. நல்ல துணி போட்டிருக்கிறாய், எங்கள் ஊர்த் துணி. வெந்நீரில் போடாதே" என்று இந்தியில் சொன்னார். அந்த இளைஞர் சிரித்துவிட்டார். பஸ் வரும்வரை இருவரும் காலரைப் பற்றிப் பேசினார்கள். அம்மா என் காதில், "மலை மேல வந்தும் ஷெட்டுக்குள்ளதான் நிக்கறாரு பாரு" என்றாள்.

எனக்கு நம்பிக்கை இருந்தது. ஏனென்றால் ஓடை இனிமேல்தான்.

வட்டவடைக்குப் போகும் வழி இன்னொரு சின்னத் தேசியப் பூங்காவுக்குள் நுழைகிறது. மரங்கள் தலைக்கு மேலே கைகோத்துக்கொண்டு, நடுப்பகலில் அந்தி செய்தன. பொழுது சாய்ந்தால் பாதையை மூடிவிடுவோம் என்று செக்போஸ்டில் சொல்லி அனுப்பினார்கள். அந்தப் பக்கம் வெளியே வந்தால், படிப்படியாகக் கேரட் வயலும் பூண்டு வயலும். அங்கே விவசாயம் செய்யும் செல்வராணி என்கிற அக்காவின் வயலோரத்தில், நான் கனவு கண்ட அதே ஓடை, நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா இடம் கொடுத்தார். கூடாரத் துணியைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்தார்.

"இது என்ன தங்கச்சி, சட்டத் துணியால்ல இருக்கு? இங்க சாரல் அடிக்குமே."

"காட்டன்க்கா. கெட்டி" என்றேன். அவர் சொன்னதை அப்போதே காதில் வாங்கியிருக்க வேண்டும்.

அன்றைக்கு அம்மா அரிசிம்பருப்புச் சோறு ஆக்கினாள். மலை உயரத்தில் பருப்பு வேகவே மாட்டேன் என்றது. விசிலுக்கு மேல் விசில் வைத்தும் நறுக்கென்றது. அக்கா கொடுத்த கேரட்டைக் கழுவாமலே கடித்தோம். மண் வாசத்தோடு அவ்வளவு இனிப்பு. ஓடைச் சத்தத்தை நோக்கி அப்பாவின் தலையை வைத்துப் படுக்கை விரித்தேன்.

விடிந்தபோது அப்பா படுக்கையில் இல்லை. பேன்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு ஓடைக்குள் நின்றார். ஒரு கல்லைத் தூக்கி இடம் மாற்றி வைத்துவிட்டு, காதைச் சாய்த்துக் கேட்டார்.

"ஏனுங்ப்பா, என்ன பண்றீங்க?"

"சீரா ஓடலியே கண்ணு. நடுவுல ஒரு எடத்துல தட்டுது. ராத்திரி பூராவும் கேட்டுட்டே கெடந்தேன். இந்தக் கல்லுதான்னு இப்பத்தான் கண்டுபிடிச்சேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சத்தம் அவருக்குத் தாலாட்டாக இருந்ததே இல்லை. அது நிற்கிறதா, தட்டுகிறதா என்று கேட்டுக்கொண்டேதான் அத்தனை வருடமும் தூங்கியிருக்கிறார். நான் அவருக்குப் பார்த்துக்கொள்ள இன்னொரு மிசினைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறேன்.

அழுகை வரும்போல இருந்தது. திரும்பினால் கூடாரத்தைக் காணவில்லை. இருந்தது, ஆனால் அது கூடாரமாக இல்லை. விடிய விடியச் சாரலைக் குடித்து, கனத்து, நீண்டு, தொய்ந்து, பைப்புகளுக்கு நடுவே பெரிய நீலத் தொப்பையாகத் தொங்கியது. கயிறுகளும் நீண்டுவிட்டன. பனியன் துணி நனைந்தால் இழுபடும், கனம் தாங்காது. திருப்பூரில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். நனைந்த பனியனைக் கொடியில் தோளைப் பிடித்துத் தொங்கவிட்டால் முழங்கால்வரை வரும் என்று அம்மா என்னைத் திட்டாத நாள் உண்டா?

உள்ளேயிருந்து அம்மா தவழ்ந்து வந்தாள். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. "அப்பனும் மகளும் தொழில் தெரிஞ்சவங்கன்னு நம்பி வந்தேன் பாருங்க" என்றாள். அப்பா ஓடைக்குள் நின்றபடியே சிரிக்க ஆரம்பித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கல்லில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். "செக்போஸ்ட்டுக்காரரு அப்பவே சொன்னாருங்க, அப்பவே சொன்னாரு!"

மூன்றாம் நாளின் திட்டம் தெளிவாக இருந்தது. மதியமே கிளம்ப வேண்டும். காட்டுப் பாதை மூடுவதற்கு முன் தாண்டி, இரவுக்குள் திருப்பூர். மறுநாள் காலை ஷெட்டில் பூஜை போட்டு, லீவுக்குப் பிறகு மிசின்களை ஓட்டத் தொடங்க வேண்டும். முதல் ஸ்விட்சை அப்பாதான் போடுவார். நான் பிறந்த வருடம்கூட அதைப் போட்டுவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தாராம். அம்மா இன்னும் சொல்லிக் காட்டுவாள்.

சாரல் நின்று லேசான வெயில் வந்தது. அப்பா, "நடுப் பைப்ப மட்டும் நிமித்தி வெச்சா துணி காஞ்சுரும்" என்று உள்ளே தவழ்ந்து போனார். நானும் அம்மாவும் பாத்திரம் கழுவினோம். கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தோம், பைப் நிமிரவில்லை. கூப்பிட்டேன். ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன்.

அப்பா மல்லாந்து கிடந்தார். ஒரு கை பைப்பைப் பிடித்தபடி இருந்தது. நீலத் துணி தாழ இறங்கி அவர் நெற்றியையும் மார்பையும் தொட்டுக்கொண்டிருந்தது. மூச்சு விட விட அது மெல்ல ஏறி இறங்கியது. ஆயிரமாயிரம் சின்னக் கண்ணிகள் வழியே வெயில் உள்ளே வந்து அவர் முகத்தில் புள்ளி புள்ளியாக ஆடியது. குறட்டை. நல்ல, பழைய, மிசின்களுக்கு மேலே குடியிருந்த காலத்துக் குறட்டை.

செல்வராணி அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "தொட்டில்ல போட்ட கணக்கால்ல கெடக்காரு!" என்றார்.

அம்மா போர்வையைக் கொண்டுபோய் அவர் மேல் போர்த்தினாள். மதியம் வந்தது. நான் வேன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"எழுப்பட்டுமாம்மா? பாதை மூடிருவாங்க."

"எழுப்புனே, கையை ஒடிச்சுப்போடுவேன்."

"நாளைக்குப் பூஜை…"

அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு, சிக்னல் கிடைக்கும் மேட்டை அக்காவிடம் கேட்டு, பூண்டு வயல் வரப்பில் ஏறிப் போனாள். நானும் பின்னாலேயே ஓடினேன். உச்சியில் காற்று அவள் சேலையைக் கொடி மாதிரி அடித்தது. சூப்பர்வைசர் மூர்த்தி அண்ணன் போனை எடுத்தார்.

"மூர்த்தி, நாளைக்கு நீங்களே ஸ்விட்ச்சப் போட்டுருங்க… இல்லீங்க, ஒடம்புக்கு ஒண்ணுமில்லீங்க. தூங்கறாரு." அந்தப் பக்கம் ஏதோ கேட்டார். அம்மா சேலை முனையை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். "ஆமாங்க. பகல்லதான். தூங்கறாருங்க."

அந்த மதியம் எவ்வளவு நீளம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மேகங்கள் வயலில் இறங்கி மேய்ந்தன. கேரட் கழுவுகிற பெண்களின் பேச்சு பக்கத்தில் கேட்பதும் தூரத்தில் போவதுமாக இருந்தது. தட்டுகிற கல்லை எடுத்துவிட்டதாலோ என்னவோ, ஓடை எனக்குமே சீராகக் கேட்டது. அம்மா பருப்பை முதல் நாளே ஊறப்போட்டிருக்க வேண்டும் என்று மூன்று தடவை சொன்னாள். நான் அவள் மடியில் தலை வைத்து, வானத்தைப் பார்த்துக்கொண்டு, ஒன்றுமே செய்யாமல் இருந்தேன். எனக்கு அது வராது. அன்றைக்கு வந்தது.

பொழுது சாயும்போது அப்பா தவழ்ந்து வெளியே வந்தார். கன்னத்தில் தையல் தடம். சுற்றும்முற்றும் பார்த்தார்.

"பாதை?"

"மூடியாச்சுங்க" என்றாள் அம்மா.

"நாளைக்கு மிசினு?"

"மூர்த்தி போடுவாரு."

அப்பா ஓடைப் பக்கம் திரும்பினார். அம்மா கரண்டியால் சோற்றைக் கிளறினாள்.

"எண்ணெ பாத்துட்டுப் போடச் சொன்னியா?"

"சொன்னேனுங்க."

"அப்பச் செரி" என்றார். தட்டை நீட்டினார். இரண்டாவது தடவை சோறு வாங்கினார். கை கழுவிவிட்டு, மறுபடி அந்தத் தொப்பைக்குள் தவழ்ந்து போனார். நானும் அம்மாவும் வேனில் படுத்தோம். காலையில் டீ ஆறிப்போகும்வரை அவர் எழவில்லை.

திரும்பும் வழியில் வீரபாண்டி ஷெட்டில் நிறுத்தினோம். எல்லா மிசினும் ஓடிக்கொண்டிருந்தன. அப்பா ஒரு சுற்று நடந்து, ஒவ்வொன்றின் மேலும் கை வைத்துப் பார்த்துவிட்டு, "பரவால்ல மூர்த்தி" என்றார். அதில் கொஞ்சம் வருத்தமும் இருந்தது. பிறகு எங்களோடு வீட்டுக்கு வந்துவிட்டார்.

கதை அங்கேயே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். முடியவில்லை. வீட்டில் முதல் ராத்திரி மறுபடியும் முழித்துக்கொண்டுதான் கிடந்தார். அரிசி டிரம்மிலிருந்து சாவி இன்னும் வெளியே வரவில்லை.

ஆனால் நேற்று நான் ஆபீஸிலிருந்து வரும்போது அப்பா மொட்டைமாடியில் இருந்தார். தண்ணீர்த் தொட்டிக்கும் கொடிக்கம்பிக்கும் நடுவே டேப் வைத்து அளந்துகொண்டிருந்தார். பக்கத்தில் பிளம்பிங் பைப்புகள், துவைத்து மடித்த மயில்கழுத்துத் துணி, செடிக்குத் தண்ணீர் விடும் ஹோஸ்.

"ஞாயித்துக்கெழமை மத்தியானம் போட்டுப் பாக்கலாமா கண்ணு?" என்று கேட்டார், என் முகத்தைப் பார்க்காமல். "தண்ணிய மட்டும் நீ அடிச்சு உடு. நல்லா நனையோணும். நல்லாத் தொங்கோணும்."

அடிக்கிறேன் என்றேன். திருப்பூர் வெயிலுக்கு அது எவ்வளவு நேரம் ஈரமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. காய்ந்தால் மறுபடி அடிப்பேன். ஹோஸ் நீளம் போதும், பார்த்துவிட்டேன்.

கீழே இறங்கும்போது அப்பா சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து அம்மாவிடம் கொடுத்தார். "ஞாயித்துக்கெழமை இது உங்கிட்டயே இருக்கட்டும்" என்றார்.